சுவருக்குப் பின்னால செத்தது யாற்ற பிழை?

ஒன்லைன் கேம் எழுதிறவை கேட்டதும் நான் சொன்னதும்.

கொட்டாஞ்சேனை: அண்ணை, போனில 304 சீட்டாட்டக் கேம் செய்யிறன். டிசிபியா யுடிபியா?

டிசிபி போதும். ரெண்டும் இணையத்தில தரவு அனுப்புற முறைதான்: டிசிபி தொலைஞ்சதைத் திருப்பி அனுப்பி எல்லாத்தையும் வரிசையாக் குடுக்கும், யுடிபி அனுப்பிப்போட்டு விட்டிடும். ஒராள் சீட்டுப் போடுமட்டும் மற்றவை பார்த்துக்கொண்டுதானே இருக்கினம். அரைச் செக்கன் பிந்தினா குடிமுழுகாது. ஆனா சீட்டைக் கலைக்கிறதும் பகிர்றதும் சேர்வரில நடக்கவேணும். எல்லாற்ற கையையும் எல்லாப் போனுக்கும் அனுப்பிப்போட்டுத் திரையில மட்டும் மறைச்சா, கவிட்டு வைச்ச துரும்பை ஒருத்தன் மெமரிக்குள்ள பார்த்திடுவான். போனை நம்பாதையுங்கோ.

வெள்ளவத்தை: சுடுற கேம், டிசிபிதான். இடைக்கிடை எல்லாரும் உறைஞ்சுபோய் நிண்டு, பிறகு பாயினம்.

ஒரு பக்கெட், அதாவது அனுப்புற தரவில ஒரு துண்டு, தொலைஞ்சா, அது திரும்ப வருமட்டும் பின்னால வந்ததுகளையும் டிசிபி மறிச்சு வைக்கும். ஆள் முந்தி நிண்ட இடம் இப்ப என்னத்துக்கு? யுடிபிக்கு மாறுங்கோ. யார் செத்தது, ஸ்கோர் எவ்வளவு போன்றதுக்கு மட்டும் இலக்கம் போட்டு, கிடைச்சதெண்டு பதில் வருமட்டும் திருப்பித் திருப்பி அனுப்புங்கோ.

தெஹிவளை: சிங்கப்பூர் சேர்வர். பிங்கை, அதாவது சேர்வருக்குப் போய்வாற தாமதத்தை, இல்லாமலாக்க ஏதும் லைப்ரரி இருக்கோ?

இல்லை தம்பி. கொழும்பிலயிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில ஒளி செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். கேபிள் நூல் பிடிச்சமாதிரிக் கிடந்தாலும் போய்வர 27 மில்லிசெக்கன். 1996இல குவேக்வேர்ல்ட் எண்ட சுடுற கேமுக்கு, அதை எழுதின ஜோன் கார்மக் செய்ததும் தாமதத்தைக் குறைக்கிறதில்லை, மறைக்கிறது. பட்டனை அமத்தினவுடன உங்கட ஆள் உங்கட திரையில நகருவார். சேர்வர் வேறமாதிரிச் சொன்னா, அது சொன்ன இடத்தில அவரை வைச்சு, அதுக்குப் பிறகு அமத்தினதெல்லாத்தையும் திரும்ப ஓட்டவேணும்.

மட்டக்குளி: பிங்கைக் குறைக்க வழி?

மேல பாருங்கோ.

பம்பலப்பிட்டி: சுவருக்குப் பின்னால போய்ச் சேர்ந்த பிறகும் செத்துப்போறன். சேர்வர் பிழைதானே?

பிழையில்லை, தெரிஞ்சு செய்யிறது. எல்லாரும் நிண்ட இடங்களைச் சேர்வர் கொஞ்ச நேரத்துக்குச் சேமிச்சு வைச்சிருக்கும். சூடு வந்தா, சுட்டவர் தன்ர திரையில கண்ட நேரத்துக்குப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கும். அந்த நேரம் உங்கட தலை வெளியில.

பம்பலப்பிட்டி: அவற்ற பிங்குக்கு நான் ஏன் சாகவேணும்? அதை நிப்பாட்டுங்கோ.

நிப்பாட்டினா, தலைக்கு நேர வைச்சுச் சுட்டாலும் படாது. ஓடுறவனுக்கு முன்னால வெறுங்காத்தைச் சுடவேணும்.

வெள்ளவத்தை: பம்பலப்பிட்டி சொல்லுறது நியாயம். பிங் கூடினவன்தான் கஷ்டப்படவேணும்.

கொழும்பில இருந்துகொண்டோ இதைச் சொல்லுறியள்? சிங்கப்பூர் சேர்வரில பிங் கூடினவன் நாங்கள்தானப்பா! நான் 200 மில்லிசெக்கனுக்கு மேல பின்னோக்கிப் போக விடுறேல்லை. அதுக்கு மேல சுட்டவற்ற பாடு. எப்ப சுட்டதெண்டு போன் சொல்லுற நேரத்தையும் அப்பிடியே எடுக்காதையுங்கோ, சேர்வர் தானே கணக்குப் பார்க்கட்டும்.

கல்கிசை: கேரம் கேம். அடிச்ச கோணமும் விசையும் மட்டும் அனுப்புறன். ரெண்டு போனிலயும் காய் வேற வேற இடத்தில நிக்குது.

நல்ல கேள்வி. தசமக் கணக்கு எல்லாப் போனிலயும் கடைசி இலக்கம்வரை ஒத்துவருமெண்டு சொல்லேலாது. முதல் முட்டலில மயிரிழை வித்தியாசம், நாலாவது முட்டலில ஒரு காய் பொக்கற்றுக்குள்ள. 1997இல வந்த ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் எண்ட போர் கேம், மொடெம் காலத்தில கட்டளைகளை மட்டும் அனுப்பித்தான் ஓடினது. அதுக்கு எல்லாக் கொம்பியூட்டரும் ஒரே விடையைக் கண்டுபிடிக்கவேணும். நீங்கள் முழுவெண்களில கணக்கை எழுதுங்கோ, இல்லாட்டிச் சேர்வரே காய் நிண்ட இடத்தை அனுப்பட்டும்.

கிராண்ட்பாஸ்: ஸ்கோரைப் போனே அனுப்பினா சேர்வருக்கு வேலை குறையுமே?

முதல் பதிலை வாசிச்சிட்டு வாங்கோ.

பம்பலப்பிட்டி: 200 கூட. 80 வையுங்கோ.

உங்கட கேமில வைச்சுப் பாருங்கோ. அடைமழையண்டைக்குப் போன் டேட்டாவில விளையாடிப்போட்டு, நீங்களே 200 கேப்பியள்.