கட்டிலுக்கடியில் வெந்த ஒயின்

வணக்கம் ஐயா. நானும் மனைவியும் மோட்டார் ஹோமில், அதாவது வீடுபோல் உள்ளேயே தங்கும் வண்டியில் கிளம்பி, ஆறு வாரம் ஒரே முகாமில் தங்குவதாக வந்திருக்கிறோம். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். இந்தப் பக்கத்துச் சாப்பாட்டையும் ஒயினையும் முறையாகத் தெரிந்துகொள்ள எங்கே தொடங்குவது? எந்த உணவுக்கு எந்த ஒயின்? முதல் வாரமே எங்கள் சின்னக் காரில் ஒரே நாளில் நான்கு தோட்டங்களுக்குப் போய் ருசிபார்த்து இரண்டு பெட்டி வாங்கினோம். கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறோம். இப்போது திறந்தால் அந்த ருசி இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்கிறாள் மனைவி.
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

யாரும் உங்களை ஏமாற்றவில்லை. நல்ல ஒயினை வாங்கி நீங்களே வேகவைத்துவிட்டீர்கள். வண்டியில் தங்குபவர்கள் பலரும் செய்வதுதான். ஆனால் பழியைத் தோட்டக்காரர் தலையில் போடுவதை மட்டும் ஏற்க முடியாது.

ஒயினுக்குப் பிடித்த சூடு 12 முதல் 14 டிகிரி. 25-ஐத் தாண்டினால் வேகமாக முதிரும். 30-க்கு மேல் போனால் திரவம் விரிந்து தக்கையைத் தள்ளும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். பகலும் இரவும் இப்படியே நடந்தால் ஒரு வாரம் போதும். புதுப்பழ வாசனை போய் ஜாம் காய்ச்சிய வாசனை வந்துவிடும்.

கெடுதல் அன்றைக்கே தொடங்கியிருக்கும். முதல் தோட்டத்தில் வாங்கிய பெட்டியை டிக்கியில் போட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் போயிருப்பீர்கள். வெளியே 30 டிகிரி வெயில் என்றால், கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 45-ஐத் தாண்டும். வாங்குவதைக் கடைசி தோட்டத்துக்குத் தள்ளிப்போடுங்கள். இல்லையென்றால் பெட்டியை அவர்களிடமே விட்டுவிட்டுத் திரும்பும்போது எடுங்கள். ஏ.சி. ஓடும் இருக்கைப் பக்கம் வைத்து நேராக வண்டிக்கு வாருங்கள்.

அடுத்தது அந்தக் கட்டில். பலகையைத் தூக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் வெந்நீர்க் கொதிகலன், ஹீட்டர் குழாய், பேட்டரி சார்ஜர் எல்லாம் அங்கேதான் இருக்கும். இருட்டாக இருக்கிறது, அதனால் குளிர்ச்சி என்று நினைத்துவிட்டீர்கள். அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டும் சின்ன வெப்பமானி ஒன்றைப் பெட்டிக்குள் மூன்று நாள் வையுங்கள், அதுவே சொல்லும். வெயில் விழாத பக்கத்தில், தரையோடு ஒட்டி, வெளிச்சுவரைத் தொடாத இடம்தான் வேண்டும். அப்படி ஓர் இடம் வண்டியில் இல்லையென்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று பாட்டிலுக்கு மேல் வாங்காதீர்கள். தோட்டம் பக்கத்திலேயே இருக்கும்போது பெட்டி பெட்டியாக எதற்கு? பன்னிரண்டு பாட்டில் பெட்டி பெரும்பாலும் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. வண்டியின் எடை வரம்புக்கும் அது கணக்கு.

ஃப்ரிட்ஜுக்குள் அடைக்கலாமே என்று கேட்பீர்கள். கேஸ், பேட்டரி, மின்சாரம் என மூன்றிலும் ஓடும் மூவழி ஃப்ரிட்ஜ் என்றால் வேண்டாம். அதில் கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியாக் கரைசல் தானாக வழிந்து சுற்றினால்தான் குளிரும். வண்டி சாய்ந்து நின்றால் கரைசல் தேங்கி, குளிர்ச்சி குறையும். நீண்ட நாள் தங்கும்போது முதல் வேலையே மட்டம் பார்ப்பது. சூடான பாட்டில்களை ஒன்றாகத் திணித்தால் பாலும் பாலாடைக்கட்டியும் சேர்ந்து கெடும். வெள்ளை ஒயினைக் குளிர்விக்க ஒரு வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு போதும். கால் மணி நேர வேலை. வெறும் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலை முழுதாகத் தொடாது, தாமதமாகும்.

எந்த உணவுக்கு எந்த ஒயின் என்ற அட்டவணையையெல்லாம் தூக்கிப் போடுங்கள். அந்த மண்ணில் விளைந்த இரண்டையும் அருகருகே வைத்துச் சாப்பிட்டாலே பாதி தெரிந்துவிடும். வாரச்சந்தையில் விற்கும் அம்மாவிடம் இன்று வீட்டில் என்ன சமையல் என்று கேட்டு அதையே வாங்குங்கள். அவ்வளவுதான்.

ஒரே நாளில் நான்கு தோட்டம் என்றீர்களே, கார் ஓட்டியது யார்? கடிதத்தில் அது இல்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. 13 சதவீத ஒயின் ஒரு பாட்டிலில் சுமார் 77 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 50 மில்லியாக ஐந்து கிளாஸ் என்றாலே மூன்றில் ஒரு பங்கு பாட்டில். அதை உடம்பு எரித்து முடிக்க மூன்று மணி நேரமாவது ஆகும். ருசிபார்க்கும் மேஜையில் துப்புகிற பாத்திரம் அலங்காரத்துக்கு இல்லை. ஓட்டுபவர் ஒவ்வொரு மடக்கையும் துப்ப வேண்டும். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஒரு நாளுக்கு இரண்டு தோட்டம் போதும். நான்காவதில் நாக்கு எதையும் பிரித்துச் சொல்லாது.

மிச்சமிருக்கும் பாட்டில்களைப் பாருங்கள். தக்கை மேலே எழும்பியிருந்தாலோ, பக்கவாட்டில் ஒயின் ஊறி ஏறிய கோடு தெரிந்தாலோ அது சமையலுக்கு. தக்கை சரியாக இருக்கும் ஒன்றை மனைவியோடு அதே தோட்டத்துக்கு எடுத்துப் போய், அவர்களுடைய நிலவறையில் இருக்கும் அதே ஒயினோடு பக்கத்தில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். துப்பிவிட்டுத்தான்.