கிடா சேர்க்கும் முன் தானியம்

கேள்வி: என் செம்மறிப் பெட்டைகள் ஒற்றைக் குட்டியே ஈனுகின்றன, குட்டிகளும் மெலிவு. இனச்சேர்க்கைக்கு முன் தானியம் கொடுத்தால் பலன் உண்டா?

பதில்: மெலிந்த பெட்டைகளுக்கு உண்டு, கொழுத்தவற்றுக்குக் கொடுப்பது வீண். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகெலும்பை அழுத்திப் பாருங்கள். கூர்மையாகக் குத்தினால் ஆடு மெலிவு. அவற்றைத் தனியே பிரித்து, கிடா சேர்ப்பதற்கு 3 வாரம் முன்பிருந்து, சேர்த்த பின் 2, 3 வாரம் வரை தினம் 250 முதல் 400 கிராம் உடைத்த மக்காச்சோளம் கொடுங்கள். 100 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் முழு அளவைக் கொட்டினால் வயிற்றில் அமிலம் பெருகி, கழிச்சல் கண்டு ஆடு படுத்துவிடும்.

குட்டி மெலிவு வேறு விஷயம். வயிற்றுக் குட்டியின் எடையில் சுமார் 70 சதவீதம் சினையின் கடைசி 6 வாரத்தில்தான் கூடுகிறது. அப்போது வயிற்றில் இடம் குறைந்து ஆடு தழையைக் குறைவாகவே தின்னும். மறுபடி தானியம் தேவை. இரட்டை சுமக்கும் ஆடு பட்டினி கிடந்தால், உடல் கொழுப்பு வேகமாகக் கரைந்து இரத்தத்தில் கழிவு சேரும் கீட்டோசிஸ் நோய் தாக்கும்.