கரையில் நின்று இழுப்பது

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே சாமானைப் பற்றிக் கேட்கின்றன: பல்லுக்குக் கம்பி போடும்போது தாடையெலும்பில் வைக்கும் சின்னத் திருகாணி. ஆகவே ஞானப்பல்லும் வாய் நாற்றமும் அடுத்த மாதம்.

*

கேள்வி: மகளுக்கு 17 வயது, மேல்முன்பற்கள் மிதப்பு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல் பிடுங்கியாயிற்று. இப்போது கடவாய்ப் பக்கம் எலும்பில் இரண்டு 'இம்பிளாண்ட்' வைக்க வேண்டும் என்கிறார் டொக்டர். என் மாமியாருக்குப் பொய்ப்பல்லுக்காக வைத்ததும் இம்பிளாண்ட்தானே? பிள்ளை வாழ்நாள் முழுக்க இதோடு இருக்க வேண்டுமா? (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: இல்லை அம்மா. பெயர்தான் ஒன்று. மாமியாருக்கு வைத்தது எலும்போடு ஒட்டி வளர்வதற்கென்று மாதக்கணக்கில் விட்டுவைப்பது. மகளுக்கு வைக்கப்போவது 1.2 முதல் 2 மில்லிமீற்றர் தடிப்பில், பெரும்பாலும் 6 முதல் 10 மில்லிமீற்றர் நீளத்தில் ஒரு டைட்டேனியக் கலவைத் திருகாணி. பலகையில் ஸ்குரூ பிடிப்பதுபோல அதன் புரி எலும்பைக் கவ்விக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அதனால் அன்றைக்கே பல்லை இழுக்கும் ஸ்பிரிங்கை அதில் மாட்டலாம். வேலை முடிந்ததும் கழற்றி எடுக்கலாம்.

சரி, ஏன் வேண்டும்? நான் முகத்துவாரத்தில் வளர்ந்தவள். மாமா மீன்பிடி வள்ளம் வைத்திருந்தார். ஒரு வள்ளத்தில் நின்றுகொண்டு பக்கத்து வள்ளத்தைக் கயிற்றால் இழுப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. அந்த வள்ளம் வரும்; நாங்கள் நிற்கும் வள்ளமும் அதை நோக்கிப் போகும். "கரையில் ஏறி நின்று இழு பிள்ளை" என்று மாமா சத்தம் போடுவார். பிறகு பள்ளிக்கூடத்தில் நியூட்டனின் மூன்றாம் விதி வந்தபோது எனக்கு அது பழைய கதை.

வாய்க்குள்ளும் இதுதான் நடக்கிறது. கடவாய்ப்பல்லில் பிடித்து முன்பற்களை இழுத்தால் கடவாய்ப்பல்லும் முன்னுக்கு வரும். பல் பிடுங்கிக் கிடைத்த இடமோ ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். அதில் இரண்டு மூன்றைக் கடவாய்ப்பல் தின்றுவிட்டால் மிதப்புக்கு மிச்சம் என்ன இருக்கும்? நான் பேராதனையில் படித்த நாட்களில் இதற்கு மருந்து, கழுத்தையும் தலையையும் சுற்றி மாட்டும் பட்டி. ரியூஷனுக்குப் போகிற எந்தப் பிள்ளை அதைப் போடும்? "ஒவ்வொரு இரவும் போட்டேன் டொக்டர்" என்பார்கள். கடவாய்ப்பல் முன்னுக்கு வந்து நின்று உண்மையைச் சொல்லிவிடும்.

திருகாணிக்குப் பல்லும் வேண்டாம், பிள்ளையின் சத்தியமும் வேண்டாம். அதுதான் கரை. இந்த யோசனை 1945-லேயே வந்தது. கெயின்ஸ்ஃபோர்த், ஹிக்லி என்ற இருவர் நாய்களின் தாடையில் திருகாணி வைத்துப் பார்த்தார்கள். ஒரு மாதம் தாண்டுவதற்குள் எல்லாம் கழன்றுவிட்டன. 1983-இல் கிரீக்மோர், எக்லண்ட் இருவரும் ஒரு பெண்ணின் மூக்குக்குக் கீழே எலும்பில் ஒன்றை வைத்து முன்பற்களை மேலே தூக்கிக் காட்டினார்கள். 1997-இல் ஜப்பானில் கனோமி 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் 6 மில்லிமீற்றர் நீளமும் உள்ள குட்டித் திருகாணியைக் கொண்டு வந்த பிறகுதான் இது எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டியது.

*

கேள்வி: எனக்கும் திருகாணி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் கலியாணம். அது அசையாது என்றால் இன்னும் பலமாக இழுத்து சீக்கிரம் முடிக்க முடியாதா? (மணமகன், கொட்டாஞ்சேனை)

பதில்: முடியாது தம்பி. திருகாணி தாங்கும், பல் தாங்காது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ கால் மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. மெதுவாக அமுக்கினால் அந்தப் பக்கத்து எலும்பைக் கரைக்கும் செல்கள் வரும், எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளரும், பல் நகரும். அளவுக்கு மீறி அமுக்கினால் படலத்தில் இரத்த ஓட்டம் நின்று அந்த இடம் செத்துப்போகும். அதைச் சுத்தம் பண்ணி முடிக்கும் வரை பல் ஓர் அங்குலம் என்ன, ஒரு மயிரிழைகூட நகராது. வேர்நுனி கரையவும் கூடும். மாதத்துக்கு 1 மில்லிமீற்றர் என்பதே நல்ல ஓட்டம். கலியாணப் படத்தில் கம்பியோடு சிரியுங்கள்.

*

கேள்வி: நான் கட்டுபெத்தையில் பொறியியல் படிக்கிறேன். என் திருகாணி முரசில் உயரத்தில் இருக்கிறது, முன்பல் கம்பியோ கீழே. விசை சாய்வாகத்தான் போகும். அது போக, பல்லின் தலையைப் பிடித்து இழுத்தால் பல் சாயாதா? படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். (மாணவர், மொறட்டுவை)

பதில்: படம் மிக நன்றாக இருக்கிறது. வேரை மட்டும் கொஞ்சம் குட்டையாக்கிவிட்டீர்கள்.

முதலில் சாய்வு. திருகாணி கம்பியைவிட 6 மில்லிமீற்றர் மேலே, முன்பக்கக் கொக்கியிலிருந்து 20 மில்லிமீற்றர் பின்னால் என்று வைப்போம். ஸ்பிரிங்கின் இழுவை 150 கிராம். கோணம் ஏறத்தாழ 17 பாகை. பின்னோக்கிப் போவது சுமார் 144 கிராம், மேல்நோக்கி 43. அந்த 43 கிராம் சும்மா இருக்காது. முன்பற்களை எலும்புக்குள் மெல்ல ஏற்றும். சிரித்தால் முரசு நிறையத் தெரிகிற ஆளுக்கு அது வரம். சிரித்தாலும் பல் தெரியாத ஆளுக்கு, அல்லது கடிக்கும்போது முன்பற்கள் சேராத ஆளுக்கு, கெடுதி. அவர்களுக்குத் திருகாணியைக் கொஞ்சம் கீழே வைக்க வேண்டும், அல்லது வேறு வழி பார்க்க வேண்டும்.

இரண்டாவதுதான் கையைச் சுடுகிற விஷயம். பழைய வீட்டில் அம்மாவின் அலுமாரியை நானும் தம்பியும் நகர்த்தினோம். நான் மேலே தள்ளினேன், அலுமாரி சாய்ந்து கண்ணாடி உடைந்தது. தம்பி கீழே தள்ளியிருந்தால் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். எங்கே தள்ளினால் சாயாமல் முழுசாக நகருமோ அதுதான் தடைமையம். ஒற்றை வேர்ப் பல்லுக்கு அது எலும்புக்குள்ளே, எலும்பு விளிம்பிலிருந்து வேர் நீளத்தில் மூன்றிலொரு பங்குக்கும் பாதிக்கும் இடையில் இருக்கிறது. கம்பி மாட்டும் இடத்திலிருந்து ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் மேலே. அங்கே கை போகாது. கீழே 150 கிராமால் இழுத்தால் 1500 கிராம்-மில்லிமீற்றர் திருப்பம் பிறக்கும். பல்லின் தலை பின்னுக்கும் வேர்நுனி முன்னுக்கும் போகும்.

அதைச் சரிக்கட்ட இரண்டு வழி. ஒன்று, கம்பியை முறுக்கி எதிர்த்திருப்பம் கொடுப்பது. விசைக்கு ஏறத்தாழ 10 மடங்கு வேண்டும். மற்றது, கம்பியிலிருந்து முரசை நோக்கி உயரும் நீண்ட கொக்கி ஒன்றை வைத்து, இழுவைக் கோட்டையே தடைமையத்தின் மட்டத்துக்குக் கொண்டுபோவது. கொக்கி குட்டை என்றால் தலை சாயும். அளவாக இருந்தால் பல் முழுசாக நகரும். அதையும் தாண்டினால் வேர் முந்திக்கொள்ளும். திருகாணி பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கரையைப் பற்றியே பேசுகிறார்கள். கயிற்றை வள்ளத்தில் எங்கே கட்டுகிறோம் என்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது.

இன்னொன்று. கம்பி, கடவாய்ப்பல்லில் ஒட்டியிருக்கும் சின்னக் குழாயில் வழுக்காமல் உரசிப் பிடித்தால் இழுவை முழு வரிசைக்கும் போய், கடவாய்ப்பற்களும் சேர்ந்து பின்னுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் பின்னாலும் கடித்துப் பார்க்கச் சொல்கிறேனே, இதற்காகத்தான்.

*

கேள்வி: வைத்து மூன்று கிழமை. நாக்கால் தொட்டாலே திருகாணி ஆடுகிறது. பிழை என்னுடையதா, டொக்டருடையதா? (தெஹிவளை வாசகர்)

பதில்: இருவருடையதாகவும் இருக்கலாம், இருவருடையதும் இல்லாமலும் இருக்கலாம். நூற்றில் பத்துப் பதினைந்து எப்படியும் கழலும். வேருக்கு மிகக் கிட்ட வைத்தால், வெளிப்பக்கக் கெட்டி எலும்பு மெல்லிசாக இருந்தால், சுற்றிவர முரசு வீங்கினால் ஆடத் தொடங்கும். சிகரெட் இருந்தால் நிறுத்துங்கள். மென்மையான பிரஷால் திருகாணியின் தலையையும் துலக்குங்கள், நாக்கை அதில் வைத்து நோண்டாதீர்கள்.

என் பங்குக்கும் ஒன்று சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு, எலும்போடு இறுகிய முரசில் வைக்காமல், கன்னத்தோடு ஆடும் மெல்லிய சவ்வில் உயரமாக வைத்துவிட்டேன். பத்து நாளில் சவ்வு வீங்கித் திருகாணியின் தலையை மூடிவிட்டது. கழற்றி, மன்னிப்புக் கேட்டு, காசு வாங்காமல் கீழே தள்ளி வைத்தேன்.

உறுதியாக நிற்கிற திருகாணியும் அசையாக் கல் இல்லை. 2004-இல் லியூவும் கூட்டாளிகளும் 16 பேரின் திருகாணிகளை 9 மாதம் கழித்து அளந்தார்கள், சராசரியாக 0.4 மில்லிமீற்றர் இழுவைப் பக்கம் சாய்ந்திருந்தன. கரையும் நகர்கிறது! அதனால்தான் வேருக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விடுகிறோம்.

உங்களுடையது ஆடுகிறது என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றச் சொல்லி, வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை தானாகக் கையில் வந்துவிட்டால் ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொண்டுபோங்கள். திருப்பி இறுக்க வேண்டாம். துளை பெருத்துவிட்டது, பிடிக்காது. ஒருவர் வீட்டில் கண்ணாடி முன் நின்று விரலாலேயே இறுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கார் மெக்கானிக். திசை சரியாகத்தான் இருந்தது.