தங்கத் துணுக்கைத் தள்ளிப் பார்க்கும் ஆராய்ச்சி: மகளை அனுப்பலாமா?

அம்மா, பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாமாண்டு படிக்கும் மகள் ‘உலோக நானோத் துணுக்குகளின் உராய்வு’ (கண்ணுக்கே தெரியாத உலோகப் பொடிசுகள் ஒரு தளத்தில் எப்படி வழுக்குகின்றன என்பது) பற்றி ஆராயப்போகிறேன் என்கிறாள், பேசாமல் பி.எட். படிக்கச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். (பி.எட். முடித்தால் உடனே வேலை என்ற காலமும் மலையேறிவிட்டது, அது தனிக் கதை.)

அவள் சொல்வது என்னவென்று முதலில் பார்ப்போம். கிராஃபைட் (பென்சிலில் இருக்கும் கரி) மேல் டேப்பை ஒட்டி உரித்தால் புத்தம்புதுத் தளம் கிடைக்கும். வெற்றிடத்தில் தங்கத்தை ஆவியாக்கி அதன்மேல் படியவிட்டால் பரவாது. சேம்பிலைத் தண்ணீர்போலத் திரளும். சூடேற்றினால் அந்தத் திரள்கள் குட்டிப் படிகங்களாகும். அணுவிசை நுண்ணோக்கி என்பது மிக நுண்ணிய ஊசியால் தளத்தைத் தடவிப் பார்க்கும் கருவி. அதன் ஊசிமுனையால் அவற்றைத் தள்ளி, எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளப்பார்கள். துருக்கியின் பில்கென்ட் பல்கலைக்கழகக் குழு 2016இல் இதைச் சாதாரணக் காற்றிலேயே செய்தது. உராய்வு மிக மிகக் குறைவாக இருந்தது. ஒரே அளவுக் குழியுள்ள இரண்டு முட்டை அட்டைகளை அடுக்கினால் சிக்கிக்கொள்ளும். குழியளவு வேறானால் வழுக்கும். தங்க அணுக்களின் வரிசையும் கிராஃபைட்டின் கரி அணுக்களின் வரிசையும் அப்படித்தான், ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

இது சோறு போடுமா? ஆராய்ச்சித் தலைப்பு போடாது, கை பழகிய கருவிகள் போடும். வெற்றிடப் பம்ப், மெல்லிய படலம் படியவைப்பது, நுண்ணோக்கிகள் எல்லாம் சிப் தயாரிப்பிலும் மேற்பூச்சுத் தொழிலிலும் வேண்டியவை.

‘நானோ’ என்று பெயர் போட்ட எம்.எஸ்சி.யைப் பார்த்து மயங்க வேண்டாம். தாய்ப்பாடமான இயற்பியலிலேயே எம்.எஸ்சி. படிக்கட்டும், நானோவை ஆராய்ச்சியில் தொட்டுக்கொள்ளலாம். கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போனால் ‘இது இணையான பட்டமா’ என்ற இழுபறியும் இருக்காது. எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். ஐஐடிகளில் எம்.எஸ்சி.க்கும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் (ஐஐஎஸ்சி) ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் (எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்தது) அதுவே வழி. எம்.எஸ்சி. முடித்து, நெட் (NET) என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் ரூ.37,000 கிடைக்கும் (2023 முதல் இந்தத் தொகை). பிஎச்.டி.க்கு நீங்கள் கடன் வாங்க வேண்டியிருக்காது. ஆனால் எம்.எஸ்சி.யோடு சேர்த்து ஏழெட்டு வருஷம் ஆகும். கல்யாணப் பேச்சை எடுக்கும் சொந்தக்காரர்களிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

அதற்கு முன், இந்த விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் வேலை பார்க்கட்டும். அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஊசிமுனை மழுங்கி ஒரு வார அளவீடு வீணாவது அங்கே சகஜம். அப்படியொரு வாரம் கழிந்து வீட்டுக்கு வரும்போது என்ன பேசுகிறாள் என்று கேளுங்கள். பிறகு என்னிடம் வாருங்கள், இருவருமாக.