எரியவில்லை என்றால் இன்னும் காரமா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. இரவானால் கால் குடைச்சல். கடுகை அரைத்துக் கெண்டைக்காலிலும் பாதத்திலும் பற்றுப் போடுகிறோம். அரைக்கும்போதே என் மனைவிக்குக் கண்ணில் நீர் கொட்டுகிறது. அம்மாவோ எரிச்சலே இல்லை என்கிறார். (கோட்டை மாரியம்மன் கோவிலிலிருந்து வரும்போது ஒரு செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் வீடுவரை வந்துவிட்டார்!) பற்று இன்னும் காரமாக என்ன சேர்க்கலாம்?
வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: தம்பி, எதையும் சேர்க்காதீர்கள். அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிவிட்டுப் போன அந்தச் செருப்புக்கு வாருங்கள். செருப்பு கழன்றதே தெரியாத காலுக்குக் கடுகு எரிவது எப்படித் தெரியும்? கடுகில் குறையில்லை, உங்கள் மனைவியின் கண்ணே சாட்சி. மரத்திருப்பது அம்மாவின் கால். இரவில் குடைச்சலும் பாதத்தில் மரத்தலும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்க்கரையால் நரம்பு கெடுவதை.

முழுக் கடுகுக்கு உறைப்பு கிடையாது. இடித்துப் பச்சைத் தண்ணீர் சேர்த்தால்தான் அதிலுள்ள நொதி காரத்தைக் கிளப்பும். கொதிநீர் ஊற்றினால் நொதி செத்துவிடும். தாளித்த கடுகு உறைக்காததும் அதனால்தான். அந்தப் பச்சைக் காரம் தோலைக் கொப்புளமாக்கும். உணர்ச்சி நன்றாக உள்ளவர்களுக்கே ஒரு பங்கு கடுகு மாவுக்கு நாலு பங்கு அரிசி மாவு, நடுவே மெல்லிய துணி, ஐந்து நிமிடத்தில் தூக்கிப் பார்ப்பது, சிவந்தால் உடனே எடுப்பது, எப்படியும் கால்மணி நேரம் தாண்டாதது என்று கணக்கு. "போதும், எடு" என்று சொல்வது எரிச்சல்தான். அம்மாவுக்கு அந்தக் காவல் இல்லை. கடுகெண்ணெயைச் சூடாக்கித் தேய்ப்பதும் கூடாது.

இன்றிரவு அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் விரலால் ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொடுங்கள், அழுத்தாதீர்கள். ஆறில் இரண்டு தெரியாமல் போனாலே உணர்ச்சி குறைந்திருக்கிறது. எப்படி வந்தாலும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் (HbA1c) பார்க்கச் சொல்லுங்கள். வைட்டமின் பி12 குறைவும் இப்படிச் செய்யும், அதையும் கேளுங்கள்.

மனைவி அரைக்கிறார், அம்மா பொறுக்கிறார், நீங்கள் கடிதம் எழுதுகிறீர்கள். பெற்றவளின் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது மருமகள் தலையில் கட்டிவிடும் வேலையல்ல, மகனின் கடமை. தினமும் விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் மூன்றையும் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவாதீர்கள். ஈரம் தங்கிப் புண்ணாகும். வெறுங்காலோடு வெயில் தரையில் விடாதீர்கள்.

பற்றுப் போட்ட இடத்தில் ஏற்கெனவே கொப்புளம் இருந்தால் குத்தி உடைக்காமல், சுத்தமான துணியால் மூடி, நாளைக் காலையிலேயே கூட்டிப் போங்கள்.