இடியன் துவக்கை வெளிநாட்டில் பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர்கள் எதை விரும்புகிறார்கள்?

மட்டக்களப்பில் வயல்காவலோடு நாம் சேர்த்துப் பேசும் இடியன் துவக்குக்கு (குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடித்து நிரப்பும் துவக்கு) அமெரிக்காவில் பெரிய ரசிகர் கூட்டமே உண்டு. அவர்களில் பலருக்குப் பிடித்தது ‘பிரவுண் பெஸ்’: 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் படையின் துவக்கு, குழல்வாய் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். பிரெஞ்சு ‘சார்லவில்’ இன்னும் ஒடுக்கம், 17.5 அளவில், எனக்கு அதன் வடிவம்தான் அழகு.

குழலின் உள்ளே புரி (குண்டைச் சுழலவைக்கும் திருகு வரி) இல்லாததால் ஒரே குழலில் ஈயக்குண்டும் போடலாம், சன்னமும் (சிறு ஈய மணிகள்) போடலாம். அதுதான் முக்கியமான கவர்ச்சி. குறி மட்டும் தூரத்துக்கு நிற்காது. குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. எண்ணெய்த் துணியில் சுற்றி இடித்தால் ஓரளவு நேராகப் போகும்.

சரி, இங்கே இலங்கையில்? 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டப்படி உரிமம் கட்டாயம். பழையது வீட்டில் கிடந்தால் தயவுசெய்து சுட்டுப் பார்க்காதீர்கள், துருப்பிடித்த குழல் வெடிக்கும்.