போதகராக எங்கே படிப்பது? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். திருச்சபை வாழ்க்கை குறித்துத் தாங்கள் எழுதிவரும் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எனக்கு வயது 31. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்று, தேசிய சேவையை முடித்து, இப்போது சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் ஒரு தளவாட நிறுவனத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். மனைவி தாதி. மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். தமிழ் மெதடிஸ்ட் சபையொன்றில் இளையர் ஐக்கியத்தை நடத்துகிறேன். அவ்வப்போது பிரசங்கிக்கவும் வாய்ப்புக் கிடைக்கிறது. முழுநேர ஊழியத்துக்கு அழைக்கப்பட்டிருக்கிறேன் என்ற உணர்வு சில காலமாகவே என்னை விடாமல் இருக்கிறது.

எங்கே படிப்பது என்பதில்தான் குழப்பம். அமெரிக்காவில் இயங்கும் ஒரு நிறுவனம் 18 மாதங்களில், முழுக்க இணையத்திலேயே, வேதாகமத்தில் இளநிலைப் பட்டம் தருவதாகச் சொல்கிறது. என் ஊழிய அனுபவத்தையும் பாடங்களாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம், கட்டணமும் குறைவு. சிங்கப்பூரிலேயே ஓர் இறையியல் கல்லூரியில் சேரலாம் என்கிறார் ஒரு நண்பர். தமிழில் பிரசங்கிக்க வேண்டுமானால் மதுரைக்குப் போ என்கிறார் என் மாமா. எங்கள் சபையின் மூத்தவர் ஒருவரோ, "மீன் பிடித்துக்கொண்டிருந்த பேதுரு எந்தக் கல்லூரியில் படித்தார்?" என்று கேட்கிறார். இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்று தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் சபை மூத்தவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் படிக்கப் புறப்படும் ஒவ்வொருவரிடமும் அது நம் சபைகளில் கேட்கப்படுகிறது. பேதுருவும் யோவானும் படிப்பறியாதவர்கள் என்று யூத ஆலோசனைச் சங்கத்தார் வியந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரம் சொல்கிறது; அதே நூலின் 22ஆம் அதிகாரத்தில், தாம் யூதச் சமய ஆசிரியரான கமாலியேலிடம் கற்றதைப் பவுல் கூட்டத்தின் முன் எடுத்துச் சொல்கிறார். கலிலேயாவின் நிலமும், ஓய்வுநாள் வழக்கமும், ரோமரின் வரியும் பேதுருவுக்கு அன்றாட வாழ்க்கை. நமக்கு அவற்றை அடைய நூல்களைத் தவிர வேறு வழியில்லை. அதோடு, உங்கள் சபைப் பிரிவை 1885இல் இங்கே தொடங்கிவைத்த வில்லியம் ஓல்டாம் பெங்களூரில் பிறந்தவர். நில அளவையாளராக இருந்த அவர் அந்த வேலையை விட்டு அமெரிக்காவின் அலகெனி கல்லூரியில் படித்த பிறகுதான் சிங்கப்பூருக்கு வந்தார். மூத்தவர் உறுதியான மெதடிஸ்டாக இருந்தால் இந்தச் செய்தி அவரிடம் கொஞ்சம் எடுபடும்.

மூன்று இடங்களை ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் நண்பர் பேசுகிறார், மாமா பேசுகிறார், மூத்தவர் பேசுகிறார். உங்கள் போதகர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. அவரிடம் நீங்கள் இன்னும் பேசவில்லை என்றே நினைக்கிறேன். மெதடிஸ்ட் ஒழுங்கில் ஒருவர் தாமாகப் படித்துவிட்டு வந்து போதகராக நியமனம் கேட்பது வழக்கமில்லை. முதலில் உள்ளூர்ச் சபை அவரைப் பரிந்துரைக்க வேண்டும். பிறகு சபைகளை நிர்வகிக்கும் அமைப்பான ஆண்டு மாநாட்டின் சார்பில் அவரை நேர்கண்டு விசாரிப்பார்கள். பயிற்சியும் தகுதிகாண் காலமும் முடிந்த பின்னரே குருத்துவ அபிஷேகம். எந்தக் கல்லூரியின் எந்தப் பட்டம் ஏற்கப்படும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். தமிழ்ச் சபைகளுக்கான இம்மானுவேல் தமிழ் ஆண்டு மாநாடு உங்களை எங்கே அனுப்ப விரும்புகிறது என்று தெரியும் முன் கட்டணம் கட்டுவது, வேலை எது என்று தெரியாமல் கருவி வாங்குவதைப் போன்றது. வேட்பாளர்களை விசாரிக்கும் குழுவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல மனமும் நல்ல குரலும் உள்ள ஒருவர், எவராலும் ஏற்க முடியாத ஒரு பட்டத்தோடு வந்து நிற்கும்போது, அவரிடம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்வது அங்கிருக்கும் எவருக்கும் எளிதாக இருப்பதில்லை.

போதகராவதுதான் உங்கள் எண்ணமா என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் நோயாளிகளிடையே ஆறுதல் பணி செய்ய விரும்புகிறவருக்கு வேறு பயிற்சி தேவை. அது வகுப்பறையைவிட நோயாளியின் படுக்கையருகே, மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் நடப்பது. சுயாதீனச் சபைகள் சிலவற்றில் பட்டமே கேட்பதில்லை. வேலையை விடாமல் இளையருக்கு ஆழமாகப் போதிப்பதே நோக்கம் என்றால், முழுப் பட்டத்துக்குப் பதில் பகுதிநேரச் சான்றிதழ் வகுப்பே போதும். அதில் குறைவு எதுவும் இல்லை.

இனி அந்த அமெரிக்க நிறுவனம். அதன் பெயரை நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கப் போவதில்லை. ஆனால் விளம்பரத்தில் "அங்கீகாரம் பெற்றது" என்று இருந்தால், அங்கீகரித்தவர் யார், அந்த அங்கீகரிப்பாளரை ஏற்றிருப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். அமெரிக்காவில் வேதாகமக் கல்லூரிகளின் இளநிலைப் பட்டங்களுக்கும், இறையியல் பள்ளிகளின் முதுநிலைப் பட்டங்களுக்கும் அந்நாட்டுக் கல்வித் துறையால் ஏற்கப்பட்ட தனித்தனி அங்கீகார அமைப்புகள் உண்டு. அவற்றின் பட்டியலில் இருக்கும் கல்லூரிகள் இணையவழியாகவும் தரமாகவே கற்பிக்கின்றன. இணையம் என்பதாலேயே எதையும் நான் தள்ளிவிடவில்லை. ஆனால் ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்களில், சமயப் பட்டம் மட்டும் வழங்கும் நிறுவனங்களுக்கு மாநில உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்குக் கடிதத்தையே அங்கீகாரம் போல அச்சிட்டுக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தங்களுக்குள்ளேயே ஓர் அங்கீகாரக் கழகத்தை அமைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் சான்று வழங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 18 மாதங்களில் இளநிலைப் பட்டம் என்பதும், ஊழிய அனுபவத்தைப் பாடங்களாகக் கணக்கிடுவதும் எனக்கு ஐயம் தருகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் இளையரை நடத்தியது நல்ல காரியம். அது எபிரெய இலக்கணத்துக்கு ஈடாகாது. (நம் தமிழ் ஊழியர் வட்டத்தில் கௌரவ டாக்டர் பட்டங்கள் பெருகிவரும் வேகம் உங்களுக்கும் தெரிந்ததே; அந்தக் கடையும் பெரும்பாலும் இதே தெருவில்தான் இருக்கிறது.)

அங்கீகாரம் சரியாக இருந்தாலும் பாடத்திட்டத்தைப் பார்க்காமல் சேராதீர்கள். வேதாகமப் பட்டம் என்ற பெயரில் தலைமைத்துவம், சபை வளர்ச்சி, ஊடகத் தொடர்பு என்ற தலைப்புகளே நிறைந்திருக்கும் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் பகுதி பகுதியாக முழுமையாகக் கற்பிக்கப்படுகின்றனவா, எபிரெயமும் கிரேக்கமும் குறைந்தது ஓராண்டாவது உண்டா, திருச்சபை வரலாறும் முறைசார் இறையியலும் இருக்கின்றனவா, மேற்பார்வையோடு கூடிய களப்பணி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூல மொழிகள் வீண் சுமை என்று பல மாணவர்கள் முணுமுணுப்பதுண்டு. புலம்பல் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் இரண்டு அதிகாரங்களிலும் நான்காம் அதிகாரத்திலும் 22 வசனங்கள். எபிரெய எழுத்துகளும் 22. அகர வரிசையில் அமைந்த நம் நீதிநூல்களைப் போல, ஒவ்வொரு வசனமும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்குகிறது. மூன்றாம் அதிகாரத்தில் ஓர் எழுத்துக்கு மூன்று வசனங்களாக 66. ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனங்களே இருக்கின்றன, ஆனால் எழுத்து வரிசை மட்டும் இல்லை. எருசலேமின் அழிவை எழுத்து எழுத்தாக ஒழுங்குபடுத்திப் புலம்பி வந்த கவிஞர், கடைசி ஜெபத்தில் ஏன் அந்த ஒழுங்கைக் கைவிட்டார்? இந்தக் கேள்வி தமிழ் வேதாகமத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு எழவே எழாது. எழுந்துவிட்டால், துக்க வீட்டில் நீங்கள் செய்யும் பிரசங்கமே மாறிவிடும். வகுப்பறைக்கு வெளியேயும் விளக்கவுரைகளில் இதைப் படித்து அறியலாம்தான்; ஆனால் விளக்கவுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது எதை நம்புவது என்று தீர்மானிக்க ஓரளவேனும் மொழியறிவு வேண்டும்.

சிங்கப்பூர்க் கல்லூரிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ட்ரினிட்டி இறையியல் கல்லூரி 1948இல் தொடங்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சாங்கி சிறையில் அடைபட்டிருந்த பல்வேறு சபைத் தலைவர்களிடையே பிறந்த எண்ணம் அது. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன், லுத்தரன் சபைகள் அதன் பின்னால் இருப்பதால், உங்கள் சபையின் வேட்பாளர்களுக்கு அது பழகிய பாதை. ஆடம் சாலையில் உள்ள சிங்கப்பூர் வேதாகமக் கல்லூரி 1952இல் தொடங்கியது. எந்த ஒரு சபைப் பிரிவையும் சாராதது, வேதாகமத்தை விளக்கிப் பிரசங்கிப்பதில் அழுத்தம் கொடுப்பது. உங்களிடம் இருப்பது பட்டயம் என்பதால், முதற்பட்டம் பெற்றவர்களுக்கான எம்.டிவ். என்னும் முதுநிலை இறையியல் படிப்பில் நேரடியாகச் சேர முடியாது. இளநிலை இறையியல் பட்டத்தையே கேட்க வேண்டியிருக்கும்.

இங்கே படிப்பதில் எனக்குப் பெரிதாகத் தெரியும் நன்மை ஒன்று உண்டு. இந்நாட்டில் போதகர் என்பவர் பிற சமயத்தாரின் நடுவே வாழ்கிறவர். 1990ஆம் ஆண்டின் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நம் பிரசங்க மேடைக்கும் பொருந்தும். அதைவிட முக்கியமாக, நம் தமிழ்ச் சபைகளில் பலருக்குப் பெற்றோரோ பெரியப்பாவோ இந்துக்களாக இருக்கிறார்கள். ஈமச்சடங்கில் எங்கே நிற்பது, திருமண வீட்டில் எதில் கலந்துகொள்வது என்று உங்களிடம் வந்து கேட்பார்கள். இதற்கான பயிற்சி தூர தேசத்தில் தயாரான காணொளிப் பாடத்தில் கிடைக்காது.

ஆனால் ஒரு பெரிய குறையும் உண்டு, உங்கள் மாமா சரியாகவே அதைத் தொட்டிருக்கிறார். இக்கல்லூரிகளில் பட்டப்படிப்பு முதன்மையாக ஆங்கிலத்திலும் சீனத்திலும் நடக்கிறது. ஆங்கிலத்தில் சிந்தித்து, ஆங்கிலத்தில் கட்டுரை எழுதித் தேறிய ஒருவர் தமிழ் மேடையில் ஏறும்போது, ஒன்று பழைய பிரசங்கிகளின் சொற்றொடர்களுக்குத் திரும்பிவிடுகிறார், அல்லது பாதி ஆங்கிலத்தில் பேசுகிறார். முன் வரிசையில் தமிழ் வேதாகமத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டி, பின்னால் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து தங்குவிடுதியில் இருக்கும் இளைஞர், மாடியில் வீட்டிலேயே ஆங்கிலம் பேசும் பதின்ம வயதினர் என்று ஒரே ஆராதனையில் மூன்று வகைக் கேட்போர் இருக்கிறார்கள். இந்த மூவருக்கும் புரிகிற தமிழை எந்தக் கல்லூரியும் உங்களுக்குத் தந்துவிடாது. நீங்களே படிப்போடு சேர்த்து வளர்த்துக்கொள்ள வேண்டும். வகுப்புக்காக ஆங்கிலத்தில் எழுதும் ஒவ்வொரு கட்டுரையையும் அந்த வாரமே பத்து நிமிடத் தமிழ்ப் பேச்சாக்கி இளையர் ஐக்கியத்திலோ வீட்டு ஜெபக்கூட்டத்திலோ பேசிப் பாருங்கள். தமிழ் நன்கு அறிந்த சபையார் ஒருவரைக் குறிப்பெடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அவர் ஆசிரியராக இருந்தவர் என்றால் இன்னும் நல்லது. சமயம் சாராத நல்ல தமிழ் உரைநடையையும் விடாமல் வாசியுங்கள்.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியைத்தான் மாமா சொல்கிறார் என்று நினைக்கிறேன். 1969இல் உருவான அக்கல்லூரி, இந்தியாவில் இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் பேரவையோடு இணைந்தது. தமிழிலேயே இறையியல் கற்பிப்பது அதன் தனிச்சிறப்பு. செராம்பூரின் மரபோ 1818இல் மிஷனரிகளான கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் தொடங்கிய கல்லூரியிலிருந்து வருகிறது. அதன் பட்டங்களை உலகெங்கும் இறையியல் பள்ளிகள் அறியும். நீங்கள் 22 வயதில், தனியாளாக இருந்து இதைக் கேட்டிருந்தால், தயங்காமல் மதுரைக்குப் போகச் சொல்லியிருப்பேன். அங்கே தமிழில் இறையியல் பேசுவது மட்டுமல்லாமல், சாதியும் வறுமையும் சபைக்குள் எப்படி நுழைந்திருக்கின்றன என்பதையும் கற்கலாம். தங்குவிடுதியிலிருந்து ஆராதனைக்கு வரும் அந்த இளைஞரைப் புரிந்துகொள்ள அது நிச்சயம் உதவும். ஆனால் மனைவியின் தாதி வேலையையும் மூன்று வயதுக் குழந்தையையும் வைத்துக்கொண்டு, மாணவர் விசாவில் சில ஆண்டுகள் அங்கே தங்குவது உங்கள் குடும்பத்தால் ஆகுமா என்று எனக்கு ஐயமே. சபை சம்மதித்தால், இங்கே படிக்கும்போது ஒரு நீண்ட விடுமுறைக் களப்பணியைத் தமிழ்நாட்டில் அமைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே என் கருத்து இங்கே படிப்பதன் பக்கமே சாய்கிறது. போதகரிடம் பேசிய பிறகு, கல்லூரி அனுமதித்தால் ஒரு வகுப்பில் பார்வையாளராக உட்கார்ந்து பாருங்கள். முதல் ஆண்டில் பகுதிநேரமாக ஒன்றிரண்டு பாடங்கள் எடுத்து, வேலையோடு சேர்த்துச் சமாளிக்க முடிகிறதா என்று பார்த்த பின் முழுநேரத்துக்கு மாறலாம்.

பணத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கடனை மத்திய சேமநிதியிலிருந்து கட்டிவருகிறீர்கள் என்றால், வேலையை விட்டதும் அந்தப் பங்களிப்பு நின்றுவிடும். கணக்கில் சேர்ந்திருக்கும் தொகை தீர்ந்த பின் மாதத் தவணையைக் கையிலிருந்து கட்ட வேண்டும். சபை அனுப்பும் வேட்பாளருக்குக் கட்டணத்திலும் உதவித்தொகையிலும் எவ்வளவு தாங்கும் என்று வெட்கப்படாமல் முன்பே கேளுங்கள். தாதியரின் மூன்று வேளை மாற்றுப் பணிமுறையில், மாலை வகுப்பு நாள்களில் மகளை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் சேர்த்து மனைவியோடு ஒரு கணக்கு எழுதுங்கள். அவருடைய கருத்தும் உங்கள் கடிதத்தில் இல்லை. போதகரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

அன்புடன்